பத்தொன்பதாவது கையெழுத்து

ஒட்டுசுட்டான் சந்தியில் நின்று ஞானேஸ்வரி வீடு எது என்று கேட்டால் கேட்கப்பட்டவர் கொஞ்சம் யோசிப்பார். கிளாக்கரம்மா வீடு என்றால் யோசிக்காமல் கையைக் காட்டுவார். முப்பத்தெட்டு வருடம் அந்தப் பகுதியின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். கூப்பனுக்கு மாவும் சீனியும் கொடுத்த காலம், பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயைப் போத்தலால் அளந்த காலம், இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு நிவாரண அரிசி நிறுத்த காலம், எல்லாவற்றிலும் அந்த மேசைக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். அவருடைய உருண்டைக் கையெழுத்தில் தன் பெயரைக் காணாத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு.

தகப்பன் வடமராட்சியிலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்து மூன்று ஏக்கர் வயல் செய்தவர். ஞானேஸ்வரிதான் மூத்த பிள்ளை. தங்கச்சிமார் இருவரையும் கரைசேர்க்கும்வரை தன் கலியாணத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு பேசவும் ஆளில்லை. தகப்பன் இறந்தபின் தம்பி மயில்வாகனம் வந்து கேட்டார்.

"வயலில உனக்கும் பங்கு இருக்கக்கா. எப்பிடிப் பிரிக்கிறது?"

"எனக்கு என்னத்துக்கு வயல்? நீ பிள்ளை குட்டிக்காரன். எனக்குச் சாகும்வரைக்கும் பென்சன் வரும். வீட்டு வளவு மட்டும் போதும்."

அதை அவர் தியாகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. உண்மையாகவே போதும் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 1992இல் சங்கத்துக்கு ஒரு நெல் மில், பத்துக் கடைகள், ஒரு பேக்கரி, எண்பதுக்கு மேல் ஊழியர்கள் இருந்தார்கள். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் ஊழியருக்கென்று ஓய்வூதியத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து வெட்டுவது, சங்கம் அதைப்போல இரண்டு மடங்கு போடுவது. இருபது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அவர் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும். விதிகளை எழுதியது ஞானேஸ்வரி. வங்கியில் போட்ட முதல் பணத்தை எவரும் தொடக்கூடாது, தொடுவதென்றால் ஓய்வூதியம் பெறுகிற அத்தனை பேரும் ஒப்பமிட வேண்டும் என்ற வரியையும் அவர்தான் சேர்த்தார். நாளைக்கு எந்த நிர்வாகம் வந்தாலும் ஏழைகளின் காசில் விளையாடக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

கடைகளில் வேலை செய்தவர்கள் உடனே கையெழுத்துப் போட்டார்கள். மில்லில் நெல் அவித்துக் காயவிடுகிற பெண்கள் மறுத்துவிட்டார்கள். முகாமையாளர் ஞானேஸ்வரியை அனுப்பினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தின் ஓரத்தில் பெண்கள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வாய் உள்ளவர் வீரம்மா. மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர்.

"தோட்டத்துலயும் இப்படித்தான் சம்பளத்துல புடிச்சாங்க கிளாக்கரம்மா. அடிச்சு வெரட்டினப்போ ஒரு சதமாச்சும் குடுத்தாங்களா? கையில வர்றத முழுசாக் குடுங்க. அது போதும் எங்களுக்கு."

"இது தோட்டம் இல்லை வீரம்மா. எங்கட சங்கம். இஞ்ச துரை ஒருத்தரும் இல்லை. நீங்களும் இதில ஒரு அங்கத்தவர்."

"வயசான காலத்துல சாகுற வரைக்கும் தருவீங்களா?"

"ஓம். சாகும்வரைக்கும்."

"யாரு தருவா? நீங்களா?"

"நான் எழுதி வைச்சிருக்கிறன். நான் பொறுப்பு."

வீரம்மா கையைப் பாவாடையில் துடைத்தார். பேனையை வாங்கித் தன் பெயரின் நான்கு எழுத்தையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு எழுதினார். அவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

2009 தை மாதம் ஊரே எழும்பி ஓடியபோது சங்கத்தின் உழவு இயந்திரத்தில் அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள். புத்தகங்களுக்கு இடமில்லை என்றார்கள். அரிசிதான் முக்கியம், அதில் பிழை சொல்ல முடியாது. ஞானேஸ்வரி ஊழியர் பதிவேடு, ஓய்வூதிய நிதிப் பேரேடு, கூட்டறிக்கைப் புத்தகம் மூன்றையும் பொலித்தீனில் சுற்றி, ஒரு யூரியாப் பைக்குள் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டார். நான்கு மாதம் அந்தப் பை அவரோடு போனது. பதுங்குகுழியில் தலைக்கு வைத்துப் படுத்தார். மாத்தளனில் கடலேரியைக் கடந்த அன்று தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையில் தன் உடுப்புப் பை, மற்றக் கையால் தலைமேல் புத்தகப் பை. பாதி வழியில் ஒன்றை விட வேண்டி வந்தது. உடுப்புப் பையை விட்டார். அதற்குள் அவருடைய படிப்புச் சான்றிதழ்களும், தாயின் ஒரே ஒரு படமும் இருந்தன.

அக்கரையில் பையைச் சோதித்த இராணுவத்தினன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிச் சங்கத்தை மறுபடி தொடங்கியபோது அந்த மூன்று புத்தகங்கள்தான் இருந்தன. வேறு இடங்களில் வேலை செய்தவர்கள் தங்கள் சேவைக்காலத்தை நிரூபிக்கச் சத்தியக்கடதாசியோடு கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். இந்தச் சங்கத்தின் ஊழியர்களுக்கு அந்த அலைச்சல் இருக்கவில்லை. யார் எந்தத் திகதியில் சேர்ந்தார், எத்தனை வருடம் வெட்டியிருக்கிறது என்று எல்லாம் இருந்தது. வவுனியா வங்கியில் போட்டிருந்த வைப்பும் தப்பியிருந்தது. ஒவ்வொருவராக ஓய்வுபெற்றார்கள். மாதம் பிறந்தால் பணம் வந்தது. வீரம்மா 2014இல் ஓய்வுபெற்றார். ஞானேஸ்வரி 2019இல், அறுபதாவது வயதில். அவரை வாழ்த்தி எல்லோரும் மாலை போட்டார்கள்.

பிறகு நடந்ததில் கள்ளன் என்று ஒருவனைக் காட்ட முடியாது. அதுதான் இதில் பெரிய துன்பம். அறுவடைக் காலத்தில் வெளிமாவட்ட லொறிகள் வயல் வரம்புக்கே வந்து ஈர நெல்லை அள்ளிக்கொண்டு போயின. மில்லுக்கு நெல் வரவில்லை. பசளை இல்லாத வருடத்தில் விளைச்சலே இல்லை. சந்தியில் இரண்டு பெரிய சுப்பர் மார்க்கெட் வந்தன. பத்துக் கடை நான்காகி, இரண்டாகியது. மில்லைப் பூட்டினார்கள். 2022இல் விலைவாசி ஏறியபோது ஞானேஸ்வரியின் ஓய்வூதியம் அதே தொகையாகத்தான் வந்தது. ஆனால் முன்பு மாதம் முழுக்க வந்தது இப்போது பத்தாம் திகதிக்கு மேல் தாண்டவில்லை. மீன் வாங்குவதை நிறுத்தினார். பிரஷர் குளிசையை ஒன்றுவிட்டொரு நாள் போட்டார். இருந்தாலும் முதலாம் திகதி என்று ஒன்று இருந்தது. 2024 தையில் அதுவும் வரவில்லை. மாசியிலும் வரவில்லை.

பங்குனியில் ஓய்வூதியகாரரைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தலைவர் நிரோஜன் நாற்பது வயதுக்காரர், கமம் செய்பவர், சங்கத்தில் ஒரு சதம் சம்பளம் எடுக்காதவர். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்க விரும்பேல்லை. இண்டைக்குச் சங்கத்தில வேலை செய்யிற ஆக்கள் ஆறு பேர். பென்சன் எடுக்கிற நீங்கள் பத்தொன்பது பேர். ஆறு பேரின்ர உழைப்பில பத்தொன்பது பேருக்குக் குடுக்க ஏலாது. மூண்டு மாசமாக் குடுக்கேல்லை. இனியும் குடுக்க வழியில்லை."

யாரோ விம்முகிற சத்தம் கேட்டது.

"வங்கியில மிச்சம் கிடக்கிறதைப் பிரிச்சுத் தரலாம். ஆளாளுக்குப் பதினாலு மாசப் பென்சன் அளவில ஒரேயடியாக் கிடைக்கும். அதோட திட்டம் முடிஞ்சுது எண்டு கையெழுத்துப் போடவேணும். ஆனா பத்தொன்பது பேரும் போடவேணும். ஒராள் போடாட்டிலும் முதலைத் தொட ஏலாது. விதி அப்பிடி இருக்கு."

"உந்த விதியை ஆர் எழுதினது?" என்று பின்னாலிருந்து ஒரு பழைய சாரதி கோபமாகக் கேட்டார்.

எல்லோரும் ஞானேஸ்வரியைப் பார்த்தார்கள்.

ஒரு கிழமைக்குள் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். ஞானேஸ்வரி போடவில்லை. நிரோஜன் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "தம்பி, பதினாலு மாசத்துக்குப் பிறகு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரியேல்லை அம்மா."

"மில் காணியை வித்து நிதியில போடலாமே?"

"அது அரசாங்க பேர்மிட் காணி. விக்க ஏலாது. நான் கேட்டுப் பாத்திட்டன்."

"நான் ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ."

மற்றவர்கள் பொறுத்தார்கள். முதல் மாதம் கிளாக்கரம்மா ஏதாவது செய்வார் என்று பொறுத்தார்கள். இரண்டாம் மாதம் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருநாள் சங்கக் கடையில் பருப்பு வாங்கப் போனார். நிறுத்துக் கொடுத்தவள் சுமித்திரா. இருபத்தொன்பது வயது, ஏழு வருடமாக அங்கே வேலை. அவளை வேலைக்குச் சேர்க்கும்போது படிவம் நிரப்பியது ஞானேஸ்வரிதான்.

"அன்ரி, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?" என்றாள். "ஏழு வருசமா என்ர சம்பளத்திலயும் அஞ்சு வீதம் வெட்டினவை. அது உங்களுக்குத்தானே பென்சனா வந்தது?"

"ஓம் பிள்ளை. அப்பிடித்தான் திட்டம். நீங்கள் எங்களுக்கு, உங்களுக்குப் பிறகு வாறவை உங்களுக்கு."

"எனக்குப் பிறகு ஒருத்தரும் வரமாட்டினமே அன்ரி. இந்தக் கடையே வருசக் கடைசியில பூட்டுப்படும் எண்டு கதைக்கினம். பிரிக்கிற காசில எங்கட ஆறு பேருக்கும் பங்கு இல்லையாம். விதியில பென்சன் எடுக்கிற ஆக்களுக்கு மட்டும்தானாம்." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "உங்களைக் குறை சொல்லேல்லை. சும்மா கேட்டனான்."

ஞானேஸ்வரி பருப்புப் பையை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்த ஆறு பேரைப் பற்றி அவர் அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

வழி கேட்டு முல்லைத்தீவிலுள்ள கூட்டுறவுத் திணைக்களக் கந்தோருக்கு மூன்று தடவை போனார். கிளிநொச்சிக்கு ஒரு தடவை. காலை பஸ்ஸில் போய், வாங்கில் காத்திருந்து, இன்றைக்கு ஐயா வரமாட்டார் என்று கேட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்புவார். நான்காவது பயணத்தில் ஓய்வுபெற இருக்கிற ஒரு பெண் அதிகாரி அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணியும் எடுப்பித்துக் கொடுத்து முழுதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உங்கட நிதி சங்கத்தின்ர சொந்த நிதி. சங்கத்திட்ட இருந்தாத் தரும், இல்லாட்டி இல்லை. அரசாங்கத்துக்கு அதில பொறுப்பு ஒண்டும் இல்லை."

"முப்பத்தெட்டு வருசம் வேலை செய்தனான்."

"விளங்குது. தொண்ணூற்றாறாம் ஆண்டளவில எல்லாச் சங்கத்துக்கும் ஒரு சுற்றுநிருபம் வந்தது, அரசாங்கத்தின்ர பொதுப் பென்சன் திட்டம் ஒண்டில சேரச் சொல்லி. அதில சேர்ந்த சங்கத்தின்ர ஆக்களுக்கு இண்டைக்கும் மாசம் மாசம் வருது. பெரிய காசு இல்லை. ஆனா வருது. உங்கட சங்கம் ஏன் சேரேல்லை?"

ஞானேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றார்.

பொய். அந்தக் கேள்வி முடியுமுன்பே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒருவேளை தவறாக நினைக்கிறேனோ என்று தன்னோடு வாதாடிக்கொண்டு வந்தார். சந்தியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே சங்கத்துக்குப் போய்ச் சுமித்திராவிடம் அலுமாரித் திறப்பைக் கேட்டார்.

கூட்டறிக்கைப் புத்தகம் யூரியாப் பையின் மணம் போகாமல் அப்படியே இருந்தது. ஓரங்கள் கடலேரித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து பழுப்பாகியிருந்தன. 1996 ஆவணி மாதக் கூட்டம். அவருடைய கையெழுத்து.

"பொதுத் திட்டத்தில் சேர்வது பற்றிய சுற்றுநிருபம் ஆராயப்பட்டது. எழுதுவினைஞர் செல்வி ஞானேஸ்வரியின் குறிப்பு வாசிக்கப்பட்டது. பொதுத் திட்டத்தில் கிடைக்கும் தொகை எமது திட்டத்திலும் குறைவானது. பாதைகள் மூடப்பட்டுள்ள நிலையில் எமது ஊழியரின் பணம் எமது கையில் இருப்பதே பாதுகாப்பு. குறிப்பைச் சபை ஏற்றுக்கொண்டது. சேர்வதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அவர் அந்தப் பக்கத்தின் மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்தார். கிழித்தால் ஒருவருக்கும் தெரியாது. அன்றைய நிர்வாகசபையில் இருந்த ஏழு பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. சுமித்திரா முன்கடையில் யாருக்கோ சவர்க்காரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. பிறகு புத்தகத்தை மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நான்கு நாள் அவர் படலையைத் திறக்கவில்லை. குசினியில் அடுப்பு எரியவில்லை. பிஸ்கட்டும் தண்ணீரும்தான். அன்றைய நிலைமையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொன்னார். பாதை மூடிக் கிடந்தது, குண்டு விழுந்துகொண்டிருந்தது, கொழும்பை நம்பி யார் காசு அனுப்புவார்கள்? எல்லாம் சரிதான். ஆனால் பத்தொன்பது பேரின் முதுமைக்கும் அந்த நியாயம் சோறு போடாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போனவர் வாளியை இறக்காமல் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால், "என்னம்மா, தலை சுத்துதே?" என்று கேட்ட பிறகுதான் வாளியை இறக்கினார்.

ஐந்தாம் நாள் காலை வீரம்மா வந்தார். எழுபது வயதில் பொல்லூன்றிக்கொண்டு இரண்டு கட்டைத் தூரம் நடந்து வந்திருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"போன கெழம யானை வந்திருச்சு கிளாக்கரம்மா. வீட்டுக்குள்ள ரெண்டு மூட்ட நெல்லு வச்சிருந்தோம். வாசம் புடிச்சு வந்து செவுத்த ஒடச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. பேத்தி அனோஜா மாசமா இருக்கா. அவ படுத்திருந்த பக்கச் செவுருதான். தெய்வாதீனமாத் தப்பிச்சா."

"ஐயோ."

"இப்போ தறப்பாள் கட்டித்தான் இருக்கோம். ஐப்பசியில மழை புடிச்சிரும். கொழந்தையும் ஐப்பசியிலதான். கேக்குற எடமெல்லாம் கேட்டாச்சு. நட்டஈடு வரும் வரும்ங்கிறாங்க." வீரம்மா பொல்லைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "நீங்க எங்களுக்காகத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தெரியும். ஆனா எனக்குச் சாகுற வரைக்கும் வேணாம். இப்போ வேணும். கையெழுத்தப் போட்டுடுங்க."

ஞானேஸ்வரி எழும்பிப் போய் அவருக்கு முன்னால் தரையில் இருந்தார். சொல்லாமல் விடலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொன்னார். சுற்றுநிருபம் வந்ததை, குறிப்பு எழுதியதை, சேராமல் விட்டதை, எல்லாவற்றையும் சொன்னார்.

வீரம்மா கவனமாகக் கேட்டார். "அப்போ அன்னைக்கு நீங்க மாத்தி எழுதியிருந்தா, இன்னைக்கும் மாசா மாசம் வந்திருக்கும்?"

"கொஞ்சமா எண்டாலும் வந்திருக்கும். ஓம்."

"சாகுற வரைக்கும்?"

"ஓம்."

வீரம்மா முற்றத்தில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இத எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா கவர்மெண்டத் திட்டிக்கிட்டுக் கெடந்திருப்பேன். இப்போ யாரத் திட்டுறது? உங்களத் திட்ட எனக்கு வாய் வராதே."

ஞானேஸ்வரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வீரம்மா அவரைத் தேற்றவில்லை. தோளில் கை வைக்கவில்லை. பொல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"செவுத்தக் கட்டணும்," என்றார். "வாங்க போவோம்."

இருவரும் சந்திவரை சேர்ந்து நடந்தார்கள். சங்கக் கந்தோரில் நிரோஜனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வயல் சேற்றோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். சுமித்திரா கடதாசியை எடுத்து வைத்தாள். பதினெட்டுக் கையெழுத்துக்குக் கீழே ஓரிடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலேயே வீரம்மாவின் நான்கு எழுத்தும் தனித்தனியாக நின்றன.

ஞானேஸ்வரி பேனையைத் திறந்து, முதலில் கடதாசி முழுவதையும் ஒரு தடவை வாசித்தார். பழக்கம். "இத்தோடு எமக்கும் சங்கத்துக்கும் இடையில் ஓய்வூதியம் சம்பந்தமாக எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தி, பக்கத்தில் சிறு ஒப்பம் வைத்து, கீழே கையெழுத்திட்டார்.

"உங்களுக்கு இனி என்ன வழியம்மா?" என்று நிரோஜன் கேட்டார்.

அவர் பேனையை மூடினார். "தெரியேல்லைத் தம்பி," என்றார்.

வீரம்மாவின் சுவர் மழைக்கு முன்பே எழும்பியது. அரைவாசிதான் சீமெந்துக்கல், மேலே தகரம். காசு அவ்வளவுக்குத்தான் போதுமாக இருந்தது. அனோஜாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீரம்மா தை மாதமே தோட்ட வேலைக்குக் கூலிக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று ஞானேஸ்வரி கேள்விப்பட்டார். நிலக்கடலை பிடுங்குகிற வேலை, இருந்துகொண்டே செய்யலாம், ஆனால் வெயில். ஒருநாள் வீதியில் கண்டபோது வீரம்மா, "சொகமா இருக்கீங்களா கிளாக்கரம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். முன்பென்றால் நின்று ஒரு மணித்தியாலம் கதைப்பவர்.

ஞானேஸ்வரி தன் பங்கை வங்கியில் போட்டுச் சிக்கனமாகத்தான் எடுத்தார். ஆனால் கிணற்று மோட்டர் எரிந்தது. கண்ணில் ஒன்று மங்கியது. வவுனியாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற செலவு தனி. பத்து மாதத்தில் வங்கிக் காசு முடிந்துவிட்டது. தம்பி மயில்வாகனம் காலமாகிப் பல வருடம். அவர் மகன் ரஜிதன் வவுனியா நெளுக்குளத்தில் வீடு கட்டிக் குடும்பமாக இருந்தான். அவன் தொலைபேசியில், "மாமி, தனிய ஏன் கிடந்து கஷ்டப்படுறியள்? இஞ்ச வாங்கோ," என்றான். அவன் நல்லவன். மனைவி ஜெயரூபியும் கெட்டவள் இல்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். படிக்கிற மேசையை வெளியே எடுத்து, அந்த இடத்தில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் குசினியில் இருந்து படித்தன. அந்த வீட்டின் அத்திவாரம் முத்தையன்கட்டு வயலை விற்ற காசு என்பது ரஜிதனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன முதல் மாதமே பிரஷர் குளிசை முடிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வகை இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள். மூன்று நாள் பேசாமல் இருந்தார். நான்காம் நாள் தலையிடி தாங்காமல் ஜெயரூபி உலை வைக்கும்போது பின்னால் போய் நின்றார்.

"பிள்ளை... ஒரு நூற்றம்பது ரூபா இருக்குமே?"

"ஓம் மாமி, ஏன் நிண்டுகொண்டு கேக்கிறியள்?" என்று ஜெயரூபி உடனே எடுத்துக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. இருந்தாலும் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரிடம் கை நீட்டிய அந்தக் கணம் ஞானேஸ்வரியின் உடம்பைவிட்டுப் போகவில்லை. அடுத்த கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வவுனியா நகரத்துக்குப் பஸ் ஏறினார்.

புடவைக் கடைகளில் கேட்டார். புத்தகக் கடையில் கேட்டார். எழுத்து வேலை தெரியும் என்றார். எல்லாம் கொம்பியூட்டர் அம்மா என்றார்கள். ஆறாவதாக ஏறிய கடை கட்டடச் சாமான் கடை. உள்ளே சீமெந்துத் தூசி. முதலாளி நடுத்தர வயதுக்காரர், பெரிய உடம்பு, தொலைபேசியில் யாரோடோ சத்தமாகப் பேசி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன வேலை தெரியும்?"

"ஸ்டொக் பாக்கத் தெரியும். வாற சாமான், போற சாமான் எல்லாம் எழுதுவன். பிழை வராது."

"வாசலில நிண்டு, ஏத்துற சாமானைப் பில்லோட சரிபாக்க ஒராள் வேணும். பொடியள் கள்ளம் செய்யிறாங்கள். நாள் முழுக்க நிக்கவேணும். ஏலுமே?"

"ஏலும்."

"என்ன வயசு?"

ஒரு புத்தகத்திலும் ஒரு பொய் எழுதாதவர், "அம்பத்தொன்பது," என்றார்.

முதலாளி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். பழைய அட்டை. இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம் என்பது இந்த நாட்டில் தெரியாதவர் இல்லை. அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு ஞானேஸ்வரியின் கால்களைப் பார்த்தார். நடந்து நடந்து செருப்பு வாருக்கு மேலால் வீங்கியிருந்தன. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாட்சம்பளம்தான். வராத நாளைக்கு இல்லை. ஈ.பி.எவ்., பென்சன் எண்டு ஒண்டும் வெட்டுறேல்லை, சொல்லிப்போட்டன். பிறகு கேக்கக்கூடாது."

"பரவாயில்லை," என்றார் ஞானேஸ்வரி. "எத்தினை மணிக்கு வரவேணும்?"

"எட்டரைக்கு."

மறுநாள் எட்டு மணிக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். வேறு போக இடமில்லாததால் நின்றார். கடை திறந்ததும் முதல் லொறி வந்தது, நாற்பது பை சீமெந்து. அவர் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.